நூற்றுப்பத்துக்குக் கீழே

1

வயிற்றில் பட்டை போட்டு ஒரு வருடம் நிறைந்த காலையில் குளியலறைத் தராசில் ஏறி நின்றேன். நூற்றிருபது காட்டியது. இறங்கித் தராசைத் தரையில் வேறு டைல் மேல் நகர்த்தி வைத்து, உள்ளே இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு மறுபடி ஏறினேன். நூற்றிருபதேதான். மூச்சை விட்டால் எடை குறையுமா என்று கேட்காதீர்கள். தராசின் மேல் நிற்கும் குண்டனுக்கு விஞ்ஞானமெல்லாம் ஞாபகம் வராது.

கதவுக்கு வெளியே என் மனைவி ஹமீதா காத்திருந்தாள். "எவ்வளவு மச்சான்?" என்றாள்.

"நூத்திப் பதினேழு" என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளே நின்ற நான் தராசைக் கால் விரலால் சுவரோரம் தள்ளினேன். மூன்று கிலோப் பொய். போன மாதம் இரண்டு கிலோவாக இருந்தது.

நான் இருப்பது ருவைஸில். அபுதாபியிலிருந்து மேற்கே காரில் இரண்டரை மணி நேரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல், நடுவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதையொட்டி எங்களைப் போன்றவர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த குடியிருப்பு. துபாயில் மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருக்கிறார்கள், அபுதாபியில் வாரத்துக்கொரு கட்டடம் முளைக்கிறது என்று வருகிறவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு இங்கே பள்ளிவாசல் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. அதற்கு மேல் கேட்டுப் பழக்கமில்லை.

ஆலையில் நான் ஆபரேட்டர். குழாய்களையும் வால்வுகளையும் சுற்றிப் பார்த்து வரும் வேலை. பாதி தரையில், பாதி உயரத்தில். ஏழு மாடி உயரக் கோபுரத்தின் வெளியே செங்குத்தான ஏணியில் ஏற வேண்டும். ஏறுகிறவன் தோளிலும் தொடையிலும் ஹார்னஸ் என்கிற பாதுகாப்பு வாரை மாட்டி, ஏணிக் கம்பியில் கொக்கி போட்டுக்கொள்வான். அந்த வார் எத்தனை கிலோவைத் தாங்கும் என்று அதன் மேலேயே தைத்திருக்கும். கையில் எடுத்துப் போகும் கருவிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஆள் நூற்றுப்பத்து கிலோவைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எழுபத்தெட்டு. பதினான்கு வருடத்தில் நூற்று நாற்பத்தொன்று. இடையில் யாரும் கவனிக்காமல் இல்லை. ஒவ்வொரு வருட மெடிக்கலிலும் எடையைக் குறைக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், படித்துப் பார்த்தேன் என்று நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் புது டாக்டர் வந்தார். சூடான்காரர், சாந்தமான மனிதர், குரலே உயராது. அந்தச் சாந்தமான குரலில், உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்று சொல்லி அதையே எழுதியும் கொடுத்தார். அடுத்த மெடிக்கலுக்குப் பதினெட்டு மாதம் தவணை. அதற்குள் நூற்றுப்பத்துக்குக் கீழே வந்தால் பழைய வேலை. வராவிட்டால் ஸ்டோரில் உதவியாளன். அந்த கிரேடுக்குக் குடும்ப வீடு கிடையாது, குடும்ப விசாவுக்குச் சம்பளமும் எட்டாது. ஹமீதாவும் மகள் நஸ்ரினும் ஊருக்குப் போக வேண்டும், நான் தொழிலாளர் கேம்ப்பில் ஆறு பேரோடு ஒரு ரூமில் படுக்க வேண்டும். நஸ்ரின் பத்தாவது படிக்கிறாள். இவ்வளவும் என் ஒரு வயிற்றைப் பொறுத்தது.

2

பட்டை என்றால் என்ன என்று ஊரில் கேட்பீர்கள். இரைப்பையின் மேல் பகுதியைச் சுற்றி ஒரு வளையத்தைப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். மேலே ஒரு கைப்பிடி அளவுக்குச் சின்னப் பை, கீழே பழைய பெரிய பை, நடுவில் ஒரு குறுகல். திட உணவு அந்தக் குறுகலில் மெதுவாக இறங்கும், கொஞ்சத்திலேயே வயிறு நிறைந்துவிடும். வளையம் தளர்ந்தால் தோலுக்கடியில் வைத்த ஒரு சின்னக் குமிழில் ஊசி போட்டுத் தண்ணீர் ஏற்றி இறுக்கிக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இது அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை, பணம் தர மாட்டோம் என்று எழுதி அனுப்பினார்கள். என்னை நேரில் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மூன்று தடவை மனுப் போட்டேன், மூன்று தடவையும் அதே வரி வந்தது. சரியென்று லீவு போட்டுச் சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டேன். எங்கள் ஊர் அதிராம்பட்டினத்தில் யாருக்கும் சொல்லவில்லை. குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம். தின்று தின்று பெருத்தவன் அதற்கும் காசு கொடுத்து வயிற்றைக் கட்டிக்கொண்டான் என்று கல்யாண வீடுகளில் பேசுவார்கள். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் சகன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது என் பக்கத்துச் சோறு மட்டும் குறையாவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துபோகும். அதனால் அந்த லீவில் வந்த இரண்டு கல்யாணத்துக்கும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் தண்ணீராக, அடுத்த இரண்டு வாரம் மசித்து, பிறகு இரண்டு வாரம் மெத்தென்று, அதன் பின் எல்லாரையும் போலக் கடித்து மென்று. ஆங்கிலத்தில் இருந்ததை நான் வாசித்துச் சொன்னேன், ஹமீதா மனப்பாடம் செய்துகொண்டாள். ருவைஸுக்குத் திரும்பி வந்து அதன்படியே நடந்தோம். முதல் மாதம் பத்து கிலோ இறங்கியது. நான் இடுப்பு பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.

ஏழாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்ததும் ஹமீதா ஒரு கோழித் துண்டைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். ஆறு வாரம் பல்லுக்கு வேலை இல்லாமல் கிடந்தவன் நான். மெல்ல வேண்டும் என்பது தெரியும், வாய் கேட்கவில்லை. மூன்றாவது வாய் நெஞ்சுக்குழியில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நெஞ்சுக்குள் யாரோ முஷ்டியை வைத்து அழுத்துகிற வலி. எச்சில் ஊறி ஊறி வழிகிறது, விழுங்க முடியவில்லை. தண்ணீர் குடித்தால் அதுவும் திரும்பி வந்தது. குளியலறைத் தரையில் முக்கால் மணி நேரம் முழங்காலிட்டுக் கிடந்தேன். ஹமீதா என் முதுகைத் தேய்த்துக்கொண்டே ஆயத்துல் குர்ஸி ஓதினாள். நடுவில் அவளுக்கு ஓதல் மறந்துவிட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவளுக்கு அது மறந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் வெளியே வந்துவிட்டது. நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டேன். அவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் நோன்பு வந்தது. டாக்டர் நோன்பு வைக்கக் கூடாது என்றிருந்தார், ஆனால் கஞ்சிக்கு யார் தடை சொன்னது? பச்சரிசி, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, வெந்தயம், ரம்பை இலை, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால். வழுக்கிக்கொண்டு இறங்கியது. வலி இல்லை, பயம் இல்லை. எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்கும் கஞ்சி, பிள்ளை பெற்றவளுக்கும் கஞ்சி. உடம்பு தேறும்வரை கஞ்சி கொடுப்பார்கள், தேறியதா என்பதை வீட்டுப் பெண்கள்தான் முடிவு செய்வார்கள். ஹமீதா முடிவு செய்யவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் நோன்பு முடிந்தும் கஞ்சி முடியவில்லை.

3

லைட் டூட்டி என்று என்னை பெர்மிட் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் மேலே ஏறுவதற்கு நான் கீழே உட்கார்ந்து அனுமதிச் சீட்டு எழுதினேன். சாரம் கட்டும் பெஷாவர்க்காரர் கான் பாய் தினமும் வந்து என் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பார். டாக்டர் உன் வயிற்றைத்தான் கட்டினார் பாய், வாயைக் கட்ட மறந்துவிட்டாரா என்று இந்தியில் கேட்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர் போன பிறகு சீட்டில் தேதியைத் தப்பாக எழுதுவேன்.

எடை இறங்குவது மெதுவானது. மூன்றாம் மாதம் நூற்றிருபத்தாறு. அபுதாபியில் ஒரு தனியார் கிளினிக்கில் வளையத்தை இறுக்கினார்கள். இறுக்கிய பின் ஒரு ரொட்டித் துண்டுகூட நின்றுவிட்டது. ஹமீதா பயந்துபோய்க் கஞ்சியை இன்னும் நீர்க்கச் செய்தாள், நீர்த்ததால் இன்னொரு கிண்ணம் கூடக் குடித்தேன்.

நவம்பர் மாதம் அதே கிளினிக்கில் உணவு ஆலோசகர் என்று ஒரு லெபனான்காரப் பெண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். தனியாகத்தான் போயிருந்தேன். என்ன சாப்பிடுகிறாய் என்றாள். சூப் மாதிரி, கஞ்சி மாதிரி என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பட்டை தடுப்பது திடப்பொருளை மட்டும்தான், கஞ்சியும் பாலும் சல்லடையில் தண்ணீர் போகிற மாதிரி போய்விடும், கீழே உன் பழைய பெரிய வயிறு அப்படியே இருக்கிறது, அது நிறைந்துகொண்டே இருக்கிறது, இன்றோடு இதை நிறுத்து, கடித்து மென்று சாப்பிடு என்றாள். தெளிவாகச் சொன்னாள். எனக்கும் தெளிவாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். ஹமீதா வாசலிலேயே நின்றாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாஹ?"

"எல்லாம் சரியாத்தான் போகுதாம். இப்படியே சாப்பிடச் சொன்னாங்க."

இதை ஏன் சொன்னேன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் சிக்கும் அந்த வலிக்குப் பயந்தேன் என்பது ஒன்று. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. முழு உண்மையைச் சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள், பரவாயில்லை. மாலை நாலு மணிக்கு டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்ததும் அந்தக் கிண்ணம் வரும். கருப்பட்டி போட்ட உளுந்தங்கஞ்சி, மேலே தேங்காய்ப்பால். முதல் வாய் தொண்டையில் இறங்கும்போது நாள் முழுக்க பெர்மிட் கவுன்ட்டரில் பட்ட அவமானம் இறங்கிவிடும். பிரியாணியை விட்டேன், பரோட்டாவை விட்டேன், கல்யாணத்தை விட்டேன். இதையும் விடச் சொன்னால் எனக்கென்று என்ன இருக்கிறது என்று தோன்றியது. எனக்கென்று என்ன இருக்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நினைக்கவில்லை.

ஆம், பக்கத்தில்தான் உட்காருவாள். நான் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

4

வருடம் நிறைந்த அந்த வாரம் கிளினிக்கில் இருந்து போன் வந்தது. எடை இறங்கவில்லை, மனைவியையும் அழைத்து வா, சமைப்பவரிடம் பேச வேண்டும் என்றார்கள். தப்பிக்க வழியில்லை. மெடிக்கலுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை என்பதால் நஸ்ரினும் வந்தாள். ஹமீதா எட்டாம் வகுப்போடு நின்றவள், அவளுக்கு ஆங்கிலம் வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் கொஞ்சம்தான் சாப்பிடுவேன், மதியம் அதைவிடக் கொஞ்சம் என்று அவளுக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். லெபனான்காரப் பெண் கையை உயர்த்தி நிறுத்தினாள். நீ பேசாதே, மகள் சொல்லட்டும் என்றாள்.

நஸ்ரினுக்குத் தமிழ் வீட்டுக்கு மட்டும்தான். சின்ன வயதில் என்னை வாப்பா என்று கூப்பிட்டவள், மூன்றாம் வகுப்பில் டாடி ஆக்கிவிட்டாள். அன்று நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசினாள். அவளை அவ்வளவு பெரிய பெண்ணாக நான் அதுவரை பார்த்ததில்லை.

தன்னை ஒருத்தி மதித்துக் கேட்கிறாளே என்று ஹமீதாவுக்குச் சந்தோஷம். விரல் விட்டு எண்ணினாள். காலையில் உளுந்தங்கஞ்சி. பதினோரு மணிக்குச் சத்துமாவைப் பாலில் காய்ச்சி. மதியம் கறிக்கஞ்சி. சாயங்காலம் அஸருக்குப் பின் மறுபடி உளுந்தங்கஞ்சி, தேங்காய்ப்பால் ஊற்றி. ராத்திரி கோதுமைப் பால். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வாய் செத்துப்போகக் கூடாதென்று வட்டிலப்பம் இல்லாவிட்டால் கடற்பாசி என்று ஏதாவது ஒரு இனிப்பு. அந்தக் கோழி சிக்கிய நாளுக்குப் பிறகு ஒரு பருக்கைச் சோறோ ஒரு கறித்துண்டோ கொடுத்ததில்லை என்று பெருமையாகச் சொன்னாள். ஒவ்வொன்றையும் நஸ்ரின் பாரிட்ஜ் என்றே மொழிபெயர்த்தாள். ஐந்தாவது பாரிட்ஜில் அவள் குரல் தாழ்ந்துவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பெண் ஒரு தாளில் படம் போட்டாள். மேலே சின்னப் பை, நடுவில் வளையம், கீழே பெரிய பை. பேனாவால் மேலிருந்து கீழே கோடு கோடாக இழுத்தாள். நஸ்ரினுக்கு மெல்லுவது என்ற சொல் வரவில்லை. பல்லால கடிச்சுக் கடிச்சுச் சாப்பிடணுமாம் மம்மி, கஞ்சி எல்லாம் ஓடிப்போயிடுமாம் என்றாள்.

ஹமீதா அந்தப் படத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் நிறம் இறங்கியதை நான் பார்த்தேன்.

"அப்ப நாந்தானா?" என்றாள். "இவங்க எடை இறங்காமப் பண்ணுனது நாந்தானா? கேளு நஸ்ரின்."

நஸ்ரின் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு மனம் இளகிவிட்டது. உன் அம்மா மேல் தவறில்லை என்று சொல், இதையெல்லாம் நவம்பரிலேயே உன் அப்பாவிடம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன், இதோ எழுதியிருக்கிறேன் பார் என்று ஃபைலைத் திருப்பிக் காட்டினாள்.

நஸ்ரின் குனிந்து வாசித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஹமீதாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்க மேல தப்பில்லையாம் மம்மி. இனிமே மாத்திக்கிட்டா போதுமாம்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சுவரில் பழங்களின் படம் ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதியபோதுகூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இல்லை.

5

திரும்பும் வழியில் தரீஃபில் பெட்ரோல் போட நிறுத்தினோம். ஹமீதா அஸர் தொழப் போனாள். நஸ்ரின் காரைவிட்டு இறங்கவில்லை. காதில் மாட்டியிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு, பின்சீட்டிலிருந்தே பேசினாள்.

"டாடி, அந்த நவம்பர் விஷயத்தை நான் மம்மிகிட்ட சொல்லலை. நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றியதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டு மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். பதினைந்து வயதுப் பிள்ளை தன் தாயிடம் ஒரு வரியை மறைக்க வேண்டி வந்தது என்னால்தான். ஊரை விட்டுப் போனால் பிள்ளைகள் கெட்டுவிடும் என்று பேசுகிறோம். அன்று பொய் சொல்லப் பழக்கியது இந்த ஊர் இல்லை, தகப்பன்தான்.

கார் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பாதையின் இரண்டு பக்கமும் மணல், எதிரே டேங்கர் லாரிகள். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே ஹமீதாவிடம் சொன்னேன். நவம்பரிலேயே அந்த அம்மா சொன்னது, எனக்குப் புரிந்தது, நான் மாற்றிச் சொன்னது, எல்லாவற்றையும்.

அவள் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். மாதங்களை எண்ணுகிறாள் என்பது பிறகுதான் புரிந்தது.

"எட்டு மாசம்" என்றாள்.

"ஆமா."

"வருஷம் நெறஞ்ச அன்னிக்கிக் காலைல எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"நூத்திப் பதினேழு."

"அதாச்சும் நெசமா?"

இல்லை, நூற்றிருபது என்றேன். பின்னால் நஸ்ரினின் பாட்டு நின்றிருந்தது.

"வேலை போனா ஊருக்குப் போயிடலாம்னு நான் எப்பவோ மனசத் தேத்திக்கிட்டேன் மச்சான்" என்றாள் ஹமீதா. "அன்னிக்கி மாதிரி உங்களுக்குச் சிக்கிக்கிட்டா நான் எங்கே போவேன்? அதை நெனச்சுத்தான் இந்தக் கஞ்சியக் காச்சுனேன். நீங்க ஒவ்வொரு வாய் முழுங்கும்போதும் நான் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் என்னைத் தனியாப் பயப்பட விட்டுட்டீங்க."

ருவைஸ் வரும்வரை ஒரு டேங்கர் லாரியையும் முந்தாமல் பின்னாலேயே ஓட்டி வந்தேன்.

6

மறுநாள் காலை கஞ்சிப் பானை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. லெபனான்காரப் பெண் கொடுத்த தாளை நஸ்ரினைத் தமிழில் எழுதச் சொல்லி, ஃபிரிட்ஜில் ஒட்டினாள் ஹமீதா. நஸ்ரினின் தமிழ் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையதைப் போல உருண்டையாக இருந்தது. கறிக்கு வல்லின றவா இடையின ரவா என்று என்னிடம் வந்து கேட்டாள். அந்த வீட்டில் என்னோடு பேசிய ஒரே ஆள் அவள்தான்.

உள்ளங்கை அளவு வஞ்சிர மீன், வேகவைத்த கொண்டைக்கடலை, எண்ணெயில்லாமல் சுட்ட கோழி. ஒரு வாய்க்கு இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் காத்திருக்க வேண்டும். ஒரு துண்டு மீனைத் தின்று முடிக்க அரைமணி நேரம் ஆகும். மெல்லும்போதுதான் தெரிந்தது, நாற்பத்திரண்டு வயதுவரை நான் எதையுமே மென்று தின்றதில்லை. அரைமணி நேரத்தில் வயிறு நிறைந்து போதும் என்றது. இத்தனை நாள் இந்தப் பட்டை வேலை செய்யவே நான் விடவில்லை.

ஹமீதா தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். கோபத்தில் டொக்கென்று வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பொறுமையாக வைத்தாள். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் எல்லாம் கரைந்து இறங்கிவிடும், பக்கத்தில் தண்ணீர் வைக்கக் கூடாது என்பதை ஒருநாளும் மறக்கவில்லை. முள் எடுத்துத்தான் மீனைக் கொடுத்தாள். செய்ய வேண்டியதில் ஒரு குறை வைக்கவில்லை, முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சண்டை போட்டால் சமாதானம் பேசலாம், இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன். ம் என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நஸ்ரினிடம் கேட்டேன். எனக்கும் தெரியலை டாடி என்றாள்.

இரண்டாவது வாரம் ஒருநாள் கோழி சிக்கியது. தட்டை விட்டு எழுந்து குளியலறைக்கு ஓடினேன். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. கதவைத் திறந்தால் வெளியே ஹமீதா நின்றிருந்தாள். கையில் கரண்டி, முந்தானை கலைந்து கிடந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள், முகத்தைத் தவிர. ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குத் திரும்பினாள். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது.

வெள்ளிதோறும் எடையை ஃபிரிட்ஜ் தாளின் கீழே எழுதினேன். நூற்றுப் பதினெட்டரை. நூற்றுப் பதினேழு. இம்முறை நிஜமான பதினேழு. அவள் அதைப் பார்க்கிறாளா என்று ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன். ஃபிரிட்ஜைத் திறந்தாள், மூடினாள்.

7

மெடிக்கல் முந்தாநாள் நடந்தது. நோன்புக்கு நாலு நாள் இருந்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால் நம் ஆட்கள் கஞ்சிக்குப் பெரிய சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். நான் வேறு பாதையில் கம்பெனி கிளினிக்குக்குப் போனேன்.

எகிப்து நர்ஸ் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். பெல்ட்டையும் பர்ஸையும் சாவியையும் நானே கழற்றி வைத்தேன். கைக்கடிகாரத்தில் கை வைத்தபோது, கலாஸ், போதும், அது ஒன்றும் செய்யாது என்று சிரித்தார். தராசில் ஏறினேன். நூற்றுப் பதினைந்து புள்ளி நான்கு.

ஐந்து வாரத்தில் நாலரை கிலோவுக்கு மேல். எட்டு மாதமாகச் செய்யாததை ஐந்தே வாரத்தில் செய்திருந்தேன், ஆனாலும் போதவில்லை. சூடான் டாக்டர் போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசி ஐந்து வாரத்தில் மட்டும் எப்படி இறங்கியது என்று கேட்டார். அவருக்குச் சொல்ல நாலு காரணம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை. அதுவரை டயட்டைப் பின்பற்றவில்லை, வீட்டிலும் பொய் சொன்னேன், டாக்டரிடமும் சொன்னேன் என்றேன். அவர் அதே சாந்தமான குரலில், நான் மூன்று மாதம் நீட்டிக்கச் சிபாரிசு எழுதுகிறேன், ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் நிர்வாகத்தின் கையில் என்றார்.

அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தேன். நிர்வாகம் என்ன சொல்லும் என்று இதை எழுதும் இன்றுவரை தெரியாது. சொல்லட்டும்.

ஹமீதா கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நஸ்ரின் பக்கத்தில் புத்தகத்தோடு இருந்தாள். நான் பூட்ஸைக் கழற்றும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"நூத்திப் பதினஞ்சு புள்ளி நாலு" என்றேன். "தேறலை."

ஹமீதா துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நஸ்ரின், வாப்பா கையில இருக்குற தாளை வாங்கி வாசி" என்றாள். "முழுசும் வாசி. இந்தத் தடவை எதையும் விட்டுடாதே."

நஸ்ரினின் முகம் சிவந்துவிட்டது. கிளினிக்கில் நஸ்ரின் ஒரு வரியை விட்டுவிட்டாள் என்பதும் அன்று காரில் நான் சொன்னபோதே ஹமீதாவுக்குப் புரிந்திருக்கிறது. நஸ்ரின் எழுந்து வந்து என் கையிலிருந்து தாளை வாங்கினாள். என் பெயர், பணியாளர் எண், உயரம், இரத்த அழுத்தம் என்று மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். தமிழ் தெரியாத இடத்தில் நின்று யோசித்துச் சொன்னாள். எடை நூற்றுப் பதினைந்து புள்ளி நான்கு. உயரத்தில் வேலை செய்ய இப்போது ஃபிட் இல்லை. மூன்று மாதம் கூடக் கொடுக்கலாம் என்று டாக்டர் கேட்கிறார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை.

"டாடி சொன்னது அப்படியே இருக்கு மம்மி."

ஹமீதா தாளை வாங்கினாள். எண்கள் இருக்கும் வரியில் விரலை வைத்துத் தானும் ஒருமுறை பார்த்தாள். மடித்த துணிகளின் மேல் அதை வைத்துவிட்டு, ஐந்து வாரத்துக்குப் பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் அஞ்சு கிலோ நானூறு" என்றாள்.